சத்தம் கூடாத கம்மாய்

வண்டியை இங்கயே நிப்பாட்டிருங்க தம்பி. கரை மேல ஏத்த வேண்டாம். தோள்ல கிடக்கிற கேமராவைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, பறவை பாக்க வந்திருக்கீங்கன்னு. மதுரையா? நல்லது. செத்த இப்படி உக்காருங்க.

பறவை இல்லை தம்பி. இப்ப இல்லை. நீங்க செல்போன்ல பாத்துட்டு வந்தது பழைய படம். கம்மாய் பூராவும் வெள்ளையும் கருப்புமா மரத்துக்கு மரம் அப்பிக்கிட்டு இருக்கும் பாருங்க, அந்தப் படம்தானே? அதுல ஓரத்துல வெள்ளைச் சட்டையோட ஒருத்தன் நிப்பான். அது நான்தான். சாத்தையா. இந்த மாவிலங்கேந்தல்ல ரெண்டு தடவை பஞ்சாயத்துத் தலைவரா இருந்தேன். பறவைப் பாதுகாப்புக் கமிட்டிக்கு இன்னைக்கும் நான்தான் தலைவர். பறவை இல்லாட்டியும் கமிட்டி இருக்கு.

ஏன் இல்லைன்னு கேக்கிறீங்க. எல்லாரும் கேக்கிறாங்க. நானும் வாய் ஓயாமச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரே ஒரு ஆளுதான் காரணம். வழிவிட்டான்னு பேரு. ஒரு ஆளு, ஒரே ஒரு நாள் காலையில, ஊரே சேந்து கட்டிக் காத்ததைக் கெடுத்துட்டுப் போயிட்டான்.

முதல்லருந்து சொல்றேன். எங்க அப்பா காலத்துலயே இந்த ஊர்ல வேட்டு கிடையாது. ஐப்பசியில தண்ணி ஏறினதும் பறவை வந்துரும். கூழைக்கடா, செங்கால் நாரை, அரிவாள் மூக்கன், வக்கா, எல்லாம் வரும். கருவேல மரத்துல கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சுகளைப் பறக்க வச்சுப் பங்குனியில கூட்டிட்டுப் போயிரும். அதுக்காகத் தீபாவளிக்கு வெடி போடமாட்டோம். ஆனா அந்தக் காலத்துல அது ஒரு பழக்கம், அவ்வளவுதான். ஒரு ஒழுங்கு கிடையாது. சாவுக்குக் கொட்டு அடிப்பாங்க, அய்யனாருக்கு அடிப்பாங்க, கரை மேல மாட்டு வண்டி போகும், சின்னப் பிள்ளைக தண்ணிக்குள்ள கிடந்து கத்தும். பறவை பாட்டுக்கு இருக்கும். அதை ஒரு சட்டமா ஆக்கினவன் நான்.

சும்மா சொல்லலை. கமிட்டி போட்டேன். ஐப்பசியில இருந்து பங்குனி வரைக்கும் வெடி மட்டுமில்லை, ரேடியோ குழாய் கிடையாது, மேளம் கிடையாது, கல்யாணமா இருந்தாலும் சாவா இருந்தாலும் கொட்டுச் சத்தம் கேக்கக்கூடாது. கரை ரோட்டுல வண்டி போகக்கூடாதுன்னு ரெண்டு முனையிலயும் கல் தூண் நட்டுச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். நடந்து போறவனுக்குத் தடை கிடையாது. அதை நல்லா மனசுல வச்சுக்கங்க. நடந்து போறவனை நான் ஒரு நாளும் தடுத்ததில்லை.

எனக்கே அந்தச் சட்டம் உண்டு தம்பி. என் மக கல்யாணம் தை மாசம். மாப்பிள்ளை வீட்ல நாதஸ்வரம், பேண்டு எல்லாம் வேணும்னாங்க. ஊருக்குள்ள ஒரு சத்தம் வரப்படாதுன்னு பரமக்குடியில மண்டபம் பிடிச்சு, ஊர்ச்சனம் மொத்தத்தையும் வேன்ல ஏத்திட்டுப் போய் நடத்தினேன். என்ன செலவானா என்ன? கொள்கைன்னா கொள்கை.

அந்தக் கல்யாணத்தப்பத்தான் வழிவிட்டான் முதல் தடவை வாயைத் திறந்தான். அவன் கீழத்தெரு. கீழத்தெருன்னா... உங்களுக்குத் தெரியும்ல. அந்த ஜனங்க இருக்கிற தெரு. கம்மாய்க்கு அங்கிட்டு. அவன் பறை அடிக்கிறவன். நல்ல கை. சுத்துப்பட்டுல எந்த ஊர்ல பெரிய சாவு விழுந்தாலும் அவன் செட்டைத்தான் கூப்பிடுவாங்க. நம்ம ஊர்ல மட்டும் ஐப்பசிக்கு மேல அவன் பறை தூங்கும். பந்தியில இலை எடுத்துக்கிட்டு நின்னவன் எங்கிட்ட வந்து, மெதுவாத்தான் கேட்டான்:

"அய்யா, கல்யாணத்தை மண்டபத்துக்குக் கொண்டுபோயிட்டீங்க. எங்க பொணத்தை எந்த மண்டபத்துக்குக் கொண்டுபோறது?"

நல்ல நாளும் அதுவுமாப் பேசுற பேச்சா இது? ஆனா நான் கோபப்படலை. சிரிச்சுட்டே, "பங்குனிக்கு மேல சாகச் சொல்லுடா"ன்னேன். பக்கத்துல இருந்தவங்கள்லாம் சிரிச்சாங்க. அவனும் சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு.

மறு வருசம் மார்கழி. பறவை சொல்லி முடியாது. அந்த மாதிரி ஒரு வரத்தை நான் பாத்ததே இல்லை. கூடு கட்டக் கொப்பு பத்தாம ஒண்ணோட ஒண்ணு கொத்திக்கிட்டுக் கிடந்துச்சு. அந்த வருசம்தான் வெளியூர்ல விழா வச்சு எனக்கு விருது குடுத்தாங்க. இயற்கைக்குன்னு ஒரு சங்கம், பெரிய பெரிய ஆளுக இருக்கிறது. சாதாரண கிராமத்துல இப்படி ஒரு மனுசனான்னு மேடையில சொன்னாங்க. சால்வை போட்டாங்க. மைக்கில பேசச் சொன்னாங்க. "பறவைக்கு வாய் கிடையாது, அதுக்காக நாம பேசணும்"னு சொன்னேன். கை தட்டினாங்க பாருங்க, நின்னு தட்டினாங்க.

அன்னைக்குத்தான் அந்தப் பிள்ளைக்கு அப்படி ஆச்சு.

ராக்கு. வழிவிட்டான் பொண்டாட்டி. காலையில புல் அறுக்கப் போன இடத்துல கண்ணாடி விரியன் கடிச்சிருச்சு. கெண்டைக்கால்ல. தெருக்காரங்க ஆட்டோவைக் கொண்டுவந்து அவளைத் தூக்கிப் போட்டுக்கிட்டு வந்திருக்காங்க. கீழத்தெருவுல இருந்து மெயின் ரோட்டுக்குக் கரைதான் குறுக்கு வழி. சுத்திப் போனா ஓடையில இறங்கி ஏறணும், மழைக்கு ரோடு அரிச்சுக் கிடந்துச்சு. கரைக்குத்தான் வந்திருக்காங்க. சங்கிலி கிடக்கு. சாவி என் இடுப்புல இருக்கு. நான் மேடையில இருக்கேன்.

போன் பண்ணியிருக்காங்க, பண்ணலைன்னு சொல்லலை. மேடையில உக்காந்துக்கிட்டு போன் அடிச்சா மரியாதையா இருக்குமா? அமர்த்தி வச்சிருந்தேன். என் வீட்டுக்கு ஓடியிருக்காங்க. என் வீட்டுக்காரி சிவபாக்கியம் என்ன பண்ணுவா? கோடாலியைத் தூக்கிக் குடுத்திருக்கா. வாங்கிட்டு வந்து வழிவிட்டான் பூட்டை ஒரு போடு போட்டிருக்கான். ரெண்டாவது போடு போடுறதுக்குள்ள காவலுக்கு இருந்த போசு வந்து கையைப் பிடிச்சிருக்கான். "சத்தம் போடாதய்யா, கூட்டுல குஞ்சு இருக்கு"ன்னு. போசு மேல தப்பு சொல்ல முடியாது தம்பி. கமிட்டி அவனுக்கு என்ன சொல்லி வச்சிருந்துச்சோ அதைச் செஞ்சான். கோடாலியைப் பிடுங்கிட்டான். கட்டிப் புரண்டிருக்காங்க. அப்புறம் வழிவிட்டான் அவளை முதுகுல தூக்கிக்கிட்டுக் கரையிலயே ஓடியிருக்கான். நடந்து போறவனுக்குத்தான் தடை கிடையாதே.

பாதிக் கரையிலயே அவ தலை சாஞ்சுபோச்சுன்னு சொன்னாங்க. அவன் நிக்காம மெயின் ரோடு வரைக்கும் ஓடியிருக்கான். அங்க ஒரு வேன்காரன் இறங்கிப் பாத்துட்டு, "எதுக்குண்ணே இன்னும் தூக்கிக்கிட்டு நிக்கிறீங்க, கீழ வைங்க"ன்னானாம்.

விரியன் கடி தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சொல்ல முடியாது. எத்தனையோ பேர் ஆஸ்பத்திரியில வச்சும் போயிருக்காங்க. நான் இதைத்தான் சிவபாக்கியத்துக்கிட்ட சொன்னேன். அவ, "சாவியை வீட்ல வச்சிட்டுப் போயிருக்கலாம்ல"ன்னா. வீட்ல வச்சா ஆளாளுக்கு வந்து வாங்கிட்டுப் போவான், அப்புறம் எதுக்குப் பூட்டு? அதுலருந்து கம்மாயைப் பத்தி எங்கிட்டப் பேசுறதே இல்லை. சோறு போடுவா, தண்ணி வைப்பா. பொம்பளைக்கு இதெல்லாம் புரியாது.

அன்னைக்கு விழா முடிஞ்சு ஊருக்கு வந்ததுமே விசயம் தெரிஞ்சு, சால்வையோடயே நேரா கீழத்தெருவுக்குப் போனேன். வீட்டுக்குக்கூடப் போகலை. ராக்குவைக் கிடத்தியிருந்தாங்க. அவன் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தான். பக்கத்துல அவன் மக சோலைமணி, கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளை. என் சால்வையை எடுத்து ராக்கு மேல போட்டேன். எனக்குப் போட்ட சால்வை தம்பி, ஜரிகை வச்சது. யார் செய்வா? அந்தப் பிள்ளை சோலைமணி எந்திரிச்சு, அதை மடிச்சு, என் கையிலயே குடுத்துட்டா.

வழிவிட்டான்தான் பேசினான். "அய்யா, நாளைக்குக் காலையில எடுக்கிறோம். கொட்டு வேணும்."

"தெரிஞ்சுக்கிட்டே கேக்கிறியேடா."

"ஊரு ஊராப் போய் எவன் எவன் பொண்டாட்டிக்கோ அடிச்சேன்யா. இவளுக்கு நான் அடிக்க வேண்டாமா? கொட்டு இல்லாமத் தூக்கிட்டுப் போக இவ என்ன செத்த நாயா?"

"குஞ்சு இருக்கு வழிவிட்டான். தாய்ப் பறவை ஒரு தடவை பயந்து எந்திரிச்சா, வெயில்ல குஞ்சு வெந்து செத்துப்போகும். உனக்கு இருக்கிற துக்கம் அதுக்கும் இருக்காதா?"

நான் சொன்னது தப்பா? நீங்களே சொல்லுங்க. உயிர்னா எல்லாம் உயிர்தானே.

காலையில எடுத்தாங்க. அவன் செட்டு ஆளுக யாரும் வரலை. ஊருக்குப் பயம். இவன் ஒருத்தன் மட்டும் பறையைக் காய்ச்சிக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் பாடைக்கு முன்னால நடந்தான். அவங்க சுடுகாட்டுக்குப் பாதை கம்மாய் ஓரமாத்தான் போகுது. அடிச்சான். நான் கரை மேல நின்னு கையை ஆட்டுறேன், வேண்டாம் வேண்டாம்னு. அவன் திரும்பவே இல்லை. அப்படி ஒரு அடியை அதுக்கு முன்னாடி நான் கேட்டதில்லை தம்பி. ஆள் அழுகலை. முகத்துல ஒண்ணுமில்லை. கைதான்.

பறவை எந்திரிச்சுது. எல்லாம் ஒண்ணா எந்திரிச்சுது. வெயிலே மறைஞ்சு போச்சு. மேல வட்டம் போட்டுக் கத்துது, கீழ குஞ்சு கத்துது. நான் அந்த இடத்துலயே உக்காந்து அழுதேன். எங்க அப்பா செத்ததுக்குக்கூட அப்படி அழுததில்லை. பின்னால வந்த சனமெல்லாம் பாடையைப் பாக்கிறதை விட்டுட்டு என்னையே பாத்துட்டுப் போச்சு.

ம்? ஆமா, பறவை திரும்பி வந்துச்சு. அவங்க ஓடையைத் தாண்டினதும் இறங்கிருச்சு. அன்னைக்கு இறங்கிருச்சு, சரி. மனசுல ஏறினது போகுமா?

ஊரைக் கூட்டினேன். நான் ஒண்ணும் பெரிசாக் கேக்கலை. சபையில விழுந்து கும்பிடு, பறையைக் கமிட்டியில ஒப்படைச்சிரு, மன்னிச்சு விட்டுரலாம்னு சொன்னேன். அவன் நிமிந்து நின்னுக்கிட்டு, "நான் பறவையை விரட்டலைய்யா. என் பொண்டாட்டியை அனுப்பி வச்சேன்"னான். அவ்வளவுதான் பேசினான். அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? கடையில சாமான் குடுக்கக் கூடாது, வயக்காட்டு வேலைக்குக் கூப்பிடக் கூடாது, கீழத்தெருவுலயும் யாரும் கொள்வினை குடுப்பினை வச்சுக்கக் கூடாதுன்னு முடிவாச்சு. நான் ஒருத்தன் எடுத்த முடிவு இல்லை அது. சோலைமணிக்குப் பேசி வச்சிருந்த இடமும் அதுல தட்டிப்போச்சுன்னு கேள்விப்பட்டேன். கொஞ்ச நாள் பொறுத்துப் பாத்தான். அப்புறம் தகரப் பெட்டியையும் பறையையும் தூக்கிக்கிட்டு மகளோட ஓரியேந்தலுக்குப் போயிட்டான். அங்கதான் அவன் அக்கா வாக்கப்பட்டிருக்கு. ரயில் பாதைக்கு அங்கிட்டு இருக்கிற ஊரு. அங்க விறகை எரிச்சுக் கரி எடுக்கிற கரிமூட்டத்துல வேலை.

அந்தக் கோடையில நாங்க என்ன செஞ்சோம் தெரியுமா? கம்மாயை அழகு பண்ணினோம். விருது வாங்கின ஊராச்சே. வெளியூர்ல இருந்து உங்களை மாதிரி ஆளுக வரப் போறாங்க, முள்ளுக்குள்ளயும் சகதிக்குள்ளயும் நின்னா பாப்பாங்க? ஜேசிபி விட்டு மண்ணை வழிச்சோம். கரையைச் சுத்தி நடக்கிறதுக்கு சிமிண்டுப் பாதை, அந்தா தெரியுது பாருங்க கோபுரம், மேல ஏறிப் பாக்கிறதுக்கு, அது. நடுவுல கருவேலம் காடாக் கிடந்துச்சு. அது நின்னா கோபுரத்துல இருந்து ஒண்ணும் தெரியாது. எடுத்தோம். மரத்தை என் மச்சினன் கரிமூட்டத்துக்குக் கொண்டுபோனான். அவனால கமிட்டிக்கும் ஏதோ கொஞ்சம் காசு ஆச்சு. பறவை போன பிறகு, பங்குனி முடிஞ்ச பிறகுதான் வெட்டினோம். ஒரு கூட்டைக்கூடத் தொந்தரவு பண்ணலை. அதுல நான் கவனமா இருந்தேன்.

மறு ஐப்பசியில நல்ல மழை. கம்மாய் நிறைஞ்சுது. கரை மேல நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். பறவை வந்துச்சு தம்பி. வராம இல்லை. வடக்க இருந்து கூட்டம் கூட்டமா வந்துச்சு. கம்மாய்க்கு மேல வட்டம் போட்டுச்சு. தாழ வந்துச்சு, மறுபடி மேல போச்சு. எதையோ தேடுற மாதிரி, இறங்க இடம் தெரியாத மாதிரி. நான் வாயைத் திறக்காம உக்காந்திருக்கேன், மூச்சைக்கூட மெதுவா விடுறேன். சுத்திச்சு, சுத்திச்சு, தெக்க போயிருச்சு.

அந்தப் பறைச் சத்தம் அதுக காதுலயே நிக்குது. பயம். வேற என்ன?

மரம் இல்லாததாலயான்னு கேக்கிறீங்க. இப்படித்தான் படிச்சவங்க எல்லாரும் முதல்ல மரத்தைக் கேக்கிறீங்க. மரம் எந்த ஊர்ல இல்லை? எல்லா ஊருக்குமா பறவை போகுது? அதுக்கும் நாங்க ஏற்பாடு பண்ணாம இல்லை. அந்தா தண்ணிக்குள்ள நிக்குது பாருங்க, இரும்புக் கம்பம். மேல தட்டு மாதிரி வச்சுப் பச்சை பெயிண்டு அடிச்சிருக்கோம். மரத்தை விட உறுதி. ஒண்ணுல கூட உக்காரலை. பெயிண்டு வாசமோ என்னமோ, போகப் போகச் சரியாயிரும்.

சட்டத்தை நான் தளத்தலை. இப்பவும் ஐப்பசியில சங்கிலி போட்டுருவோம். கொட்டு கிடையாது, வெடி கிடையாது. கீழத்தெருவுல போன மாசம் ஒரு சாவு. சத்தமில்லாமத்தான் தூக்கிட்டுப் போனாங்க. பழகிட்டாங்க.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. நீங்க வெளியூரு, சொல்லலாம்.

போன தையில ஒருத்தன் வந்து, ஓரியேந்தல் கம்மாய்ல பறவை இறங்கியிருக்குன்னான். நான் நம்பலை. அது ஒரு நாதியத்த கம்மாய். தூரு வாரினது கிடையாது, கரை இடிஞ்சு கிடக்கும், உள்ள முள்ளுக்காடு. பாத்துட்டு வந்துருவோம்னு டிவிஎஸ்ஸை எடுத்துக்கிட்டுப் போனேன். ரயில் கேட்டைத் தாண்டும்போதே கேக்குது. கொட்டுச் சத்தம். ஒரு பறை இல்லை, ஏழெட்டு ஊர்ப் பறை சேந்து அடிக்கிற சத்தம். விசாரிச்சா, வழிவிட்டான் செத்துட்டானாம். கரிப்புகை நெஞ்சுல கட்டிக்கிட்டு ரொம்ப நாளா இருமிக்கிட்டுக் கிடந்தானாம். அவன் கையை மதிச்சு எங்கிட்டிருந்தெல்லாமோ வந்திருந்தாங்க. நம்ம ஊருக் கீழத்தெரு ஆளுகளும் நின்னாங்க, அவன் செட்டுல அடிச்சவங்க. என்னைப் பாத்ததும் அடிக்கிறதை நிப்பாட்டிருவாங்கன்னு நினைச்சேன். நிப்பாட்டலை.

ஊர்வலம் கம்மாய்க் கரையிலதான் வந்துச்சு. நான் வண்டியைக் குறுக்க போட்டுட்டு இறங்கி ஓடினேன். எனக்கு வேற நினைப்பே இல்லை, குஞ்சு நினைப்புத்தான். பாடைக்கு முன்னால கொள்ளிச் சட்டியைப் பிடிச்சுக்கிட்டுச் சோலைமணி வந்துச்சு. ஆம்பளைப் பிள்ளை கிடையாதுல்ல அவனுக்கு. இளைச்சுப் போயிருந்துச்சு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன் தம்பி. நான், அந்தப் பிள்ளையைக் கும்பிட்டேன்.

"தாயி, உங்கப்பன் பண்ணினது போதும். நிப்பாட்டச் சொல்லு. பறவை எந்திரிச்சிரும்."

அது நின்னுச்சு. என் முகத்தைப் பாத்துச்சு. கோபம் இல்லை. எனக்கு என்னமோ ஆகிப்போச்சுங்கிற மாதிரிப் பாத்துச்சு. அப்புறம் சொன்னுச்சு:

"மேல பாருங்கய்யா."

பாத்தேன். கருவேல மரம் பூராவும் பறவை. கைக்கு எட்டுற உயரத்துல ஒரு செங்கால் நாரை உக்காந்து குஞ்சு வாயில இரை ஊட்டிக்கிட்டு இருக்கு. கீழ ஏழெட்டு ஊர்ப் பறை இடி மாதிரி விழுகுது. அது தலையைக்கூடத் திருப்பலை. பக்கத்து மரத்துல கூழைக்கடா தூங்குது. ஒண்ணு, ஒரே ஒண்ணுகூட எந்திரிக்கலை தம்பி. பாடை என்னைச் சுத்திக்கிட்டுக் கடந்து போயிருச்சு. நான் அங்கயே நின்னுக்கிட்டிருந்தேன். கொட்டு சுடுகாடு வரைக்கும் போயி ஓய்ஞ்சுது. அப்பவும் எந்திரிக்கலை.

வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். வண்டியை நிப்பாட்டி நிப்பாட்டி யோசிச்சேன். வீட்டுக்கு வந்ததும்தான் விளங்குச்சு.

அது நம்ம பறவை இல்லை தம்பி. நம்ம ஊருப் பறவையா இருந்தா அந்தச் சத்தத்துக்கு எந்திரிச்சிருக்கும்.